வளைந்து போனாலும் விரைந்து போகலாம்

சாங்கி விமான நிலையத்திலிருந்து நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஒரு விமானம் நியூயார்க்குக்குப் புறப்படுகிறது. மறுநாள் காலை ஆறு மணியளவில் அது அங்கே தரையிறங்குகிறது. இரண்டு நகரங்களின் கடிகாரங்களையும் மட்டும் பார்த்தால் ஆறேழு மணி நேரப் பயணம் போலத் தோன்றும். ஆனால், உள்ளே அமர்ந்திருந்தவர்களைக் கேட்டால் உண்மை தெரியும். அவர்கள் ஏறக்குறைய பதினெட்டரை மணி நேரம் வானத்தில் இருந்திருக்கிறார்கள். இரண்டு வேளை உணவு உண்டு, உறங்கி விழித்து, நான்கைந்து திரைப்படங்களையும் பார்த்து முடித்திருப்பார்கள்.

இந்தக் கடிகாரக் குழப்பத்துக்குக் காரணம் எளிது. நியூயார்க்கின் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியது. இங்கே காலைப் பசியாறும்போது அங்கே இரவு உணவு. அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தொலைபேசியில் அழைக்கும் பெற்றோர் இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். விமானம் செல்லும் தூரத்துக்கும் அதற்கு ஆகும் நேரத்துக்கும் உள்ள தொடர்புதான் அவ்வளவு எளிதாக விளங்காதது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், கோடு இந்தியப் பெருங்கடலையும் அரபு நாடுகளையும் சகாரா பாலைவனத்தையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து செல்லும். இது நேர்கோடாகத் தோன்றினாலும் குறுக்குவழி அன்று. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்துக் காட்டும்போது துருவங்களை ஒட்டிய பகுதிகள் அளவுக்கு மீறி அகன்றுவிடுகின்றன. ஆகவே, உண்மையான குறுக்குவழியைக் காண உலக உருண்டைதான் வேண்டும். ஒரு நூலின் முனையைச் சிங்கப்பூரின் மீதும் மறுமுனையை நியூயார்க்கின் மீதும் வைத்து இறுக்கி இழுத்துப் பார்த்தால், அந்த நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறி, வட துருவத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்து, மறுபுறம் இறங்கும்.

ஏன் அப்படி? சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 178. இன்னும் இரண்டு பாகை இருந்தால் இரண்டும் உருண்டையின் சரியான எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் உள்ள வீட்டுக்குப் போகக் கூரையின் உச்சி மீது ஏறி இறங்குவதைப் போன்றது இந்தப் பாதை.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட உயர்கணிதம் எதுவும் தேவையில்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில் உள்ளது. ஆகவே, அங்கிருந்து வட துருவம் 88.7 பாகை. நியூயார்க் 40.7 பாகையில் உள்ளதால் துருவத்திலிருந்து அது 49.3 பாகை. மொத்தம் 138 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 15,300 கிலோமீட்டர் கிடைக்கும். ஒரு தாளும் பென்சிலும் கொண்டு செய்த இந்தக் கணக்கு, விமானப் போக்குவரத்து ஏடுகளில் அச்சிடப்படும் அளவோடு ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது.

ஆனால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018ஆம் ஆண்டில் இந்தச் சேவையை அறிவித்தபோது சொன்ன தூரம் வேறு. விமானம் ஏறக்குறைய 16,700 கிலோமீட்டர் பறக்கும் என்று அந்நிறுவனம் கூறியது. குறுக்குவழி 15,300 கிலோமீட்டர் என்றால், கூடுதலாக 1,400 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வானில் இரண்டு முறை போய்வரும் தூரத்தைவிட இது அதிகம். எரிபொருளுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு நிறுவனம் வேண்டுமென்றே சுற்றிப் போகுமா?

போகும். காரணம் காற்று.

பூமிக்கு மேலே ஏறக்குறைய 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் காற்று ஓர் ஆறு போல ஓடிக்கொண்டிருக்கிறது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இதன் வேகம் மணிக்கு 200, சில வேளைகளில் 300 கிலோமீட்டரையும் தாண்டும். இதை முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. 1920களில் தத்தேனோ என்னும் ஊரிலிருந்த ஆய்வு நிலையத்திலிருந்து அவர் சிறு பலூன்களை வானில் விட்டு, அவை நகரும் வேகத்தைக் கருவியால் பார்த்துக் குறித்துக்கொண்டார். உலகம் முழுவதும் தம் முடிவுகளைப் படிக்க வேண்டும் என்று விரும்பிய அவர், அவற்றை எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். எல்லாருக்கும் உரிய மொழி என்று உருவாக்கப்பட்ட அதனை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அதனால் அவருடைய கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1944ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள், தங்கள் விமானம் எதிர்காற்றில் ஊர்வதையும் பின்காற்றில் பாய்வதையும் கண்டு திகைத்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்ததை அவர்கள் போர்க்களத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

சாங்கி விமான நிலையத்தின் நகரும் நடைபாதையில் நடந்தவர்களுக்கு இந்தக் காற்றின் வேலை எளிதில் விளங்கும். அதன் போக்கிலேயே நடந்தால், கால்கள் வழக்கமான வேகத்தில்தான் நடக்கும்; ஆனால், கடைகளும் தூண்களும் இருமடங்கு வேகத்தில் பின்னே செல்லும். அதற்கு எதிராக நடந்தால் வியர்த்துக் கொட்டுமே தவிர, இடம் நகராது. விமானமும் அப்படித்தான். அதன் வேகம் காற்றைப் பொறுத்தது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரையைப் பொறுத்த வேகம் கூடவோ குறையவோ செய்கிறது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். குறுக்குவழியான 15,300 கிலோமீட்டரைக் காற்றின் உதவியும் தடையும் இன்றிக் கடக்க 17 மணி நேரம் ஆகும். அதைவிட நீண்ட 16,700 கிலோமீட்டர்ப் பாதையில் 100 கிலோமீட்டர் வேகப் பின்காற்று கிடைத்தால், தரைவேகம் 1,000 ஆகும். அப்போது பயணம் 16 மணி 42 நிமிடத்தில் முடிந்துவிடும். நீளமான பாதை குறுகிய பாதையை வென்றுவிடுகிறது! மாறாக, குறுக்குவழியிலேயே 100 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் 19 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உண்மையான பயணத்தில் காற்று ஒரே சீராக வீசுவதில்லை. மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஓடுபாதையில் காத்திருக்கவும் நேரம் ஆகும். ஆனாலும், கணக்கின் அடிப்படை இதுதான்.

இதனால்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குச் செல்லும் விமானம் பொதுவாக வடகிழக்கே திரும்பி, ஜப்பானுக்கு அருகே சென்று, பசிபிக் பெருங்கடலின் மேல் வீசும் காற்றில் ஏறிக்கொள்கிறது. திரும்பி வரும் விமானத்துக்கு அதே காற்று பகை. ஆகவே, அது பசிபிக் பெருங்கடலை விட்டுவிட்டு, அட்லாண்டிக் பெருங்கடலையும் ஐரோப்பாவையும் கடந்தோ வடதுருவப் பகுதியை ஒட்டியோ வரக்கூடும். போவது ஒரு வழி, வருவது வேறு வழி. அப்படிப் போய்வந்தவர் தம்மை அறியாமலே உலகத்தைச் சுற்றி வந்துவிடுகிறார். திங்கட்கிழமை பறந்தவரும் வியாழக்கிழமை பறந்தவரும்கூட ஒரே பாதையில் போயிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் பயணத் திட்டம் வகுக்கப்படுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிக்கொள்வது நல்லது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே, மேற்கு நோக்கிப் பறந்தால் நகரமே விமானத்தை நோக்கி வந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு ஒரு நாணயத்தை மேலே சுண்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். நாணயம் பின்னே போய் விழுவதில்லை. கைக்கே திரும்பி வருகிறது. பெட்டியும் அதற்குள் இருக்கும் காற்றும் நாணயமும் ஒன்றாகவே நகர்கின்றன. அதுபோலவே பூமியோடு அதன் வளிமண்டலமும் சேர்ந்து சுழல்கிறது. பூமியின் சுழற்சி விமானத்துக்கு நேரடியாக எந்தச் சலுகையும் தருவதில்லை. ஜெட் காற்றோட்டம் உருவாவதற்கு அந்தச் சுழற்சியும் ஒரு காரணம் என்பது மட்டும் உண்மை.

காற்றைப் போலவே அனுமதியும் பாதையை வளைக்கும். ஒரு நாட்டின் வானம் அந்த நாட்டுக்கே உரியது. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போர் தொடங்கியபின், ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நாட்டு விமானங்களுக்கு மூடியது. அதனால், அதுவரை ஒன்பதரை மணி நேரத்தில் தோக்கியோவிலிருந்து ஹெல்சிங்கிக்குப் போய்வந்துகொண்டிருந்த பின்லாந்து விமானங்களுக்கு ஏறக்குறைய 13 மணி நேரம் ஆயிற்று. இரண்டு நகரங்களும் ஓர் அடிகூட நகரவில்லை. ஆயினும், பயணிகளுக்கு அவை மூன்றரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டன.

இவை எல்லாவற்றையும் கடந்து, நியூயார்க் பயணத்தின் பெருஞ்சிக்கல் எடையில் இருக்கிறது. காரில் எரிபொருள் தீர்ந்தால் வழியில் நிரப்பிக்கொள்ளலாம். இடைநில்லா விமானம் தனக்கு வேண்டிய அனைத்தையும் புறப்படும்போதே சுமந்தாக வேண்டும். பதினெட்டாவது மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் தூக்கிச் செல்ல வேண்டும். அப்படித் தூக்கிச் செல்வதற்கே மேலும் எரிபொருள் செலவாகும். அந்த மேலதிக எரிபொருளுக்கும் எடை உண்டு! தூரம் கூடக்கூட இந்தச் சுமை வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வட்டியை நன்றாகவே அறிந்துகொண்டது. 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது நியூயார்க்குக்கு முதன்முதலாக இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. விமானம் இறங்கிய இடம் ஆற்றுக்கு அப்பால், அண்டை மாநிலத்தில் இருக்கும் நியூவார்க் விமான நிலையம். பெயர்கள் ஒலியில் நெருங்கியிருப்பதால் புதியவர்கள் குழம்புவதுண்டு. அந்தச் சேவைக்குப் பயன்பட்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்துக்கு நான்கு இயந்திரங்கள். இவ்வளவு பெரிய விமானத்தில் 181 இருக்கைகளே வைக்கப்பட்டன. 2008இல் அதையும் 100ஆகக் குறைத்து, எல்லாவற்றையும் வணிக வகுப்பு இருக்கைகளாக மாற்றினார்கள். ஆனால், அதே ஆண்டு ஜூலையில் ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை 147 அமெரிக்க டாலர்வரை உயர்ந்தது. நூறு பேரைச் சுமக்க நான்கு இயந்திரங்கள் எரிபொருளைக் குடித்துக்கொண்டிருந்தால் கணக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? 2013ஆம் ஆண்டு நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது.

அடுத்த ஐந்தாண்டுகள் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்வோர் வழியில் எங்காவது இறங்கித்தான் ஏற வேண்டியிருந்தது. பிராங்பர்ட் வழியாகச் சென்றால் ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. விமானங்களின் வேகம் அதேதான். ஆனாலும் நகரம் ஐந்தாறு மணி நேரம் தொலைவாகிவிட்டது.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் சேவை மீண்டும் தொடங்கியது. இம்முறை புறப்பட்டது ஏர்பஸ் ஏ350-900 வகையில் நெடுந்தொலைவுக்கென்றே மாற்றி அமைக்கப்பட்ட விமானம். அதற்கு இரண்டே இயந்திரங்கள். அதன் கட்டமைப்பில் பாதிக்கும் மேற்பட்ட எடை, கார்பன் இழை போன்ற இலேசான, உறுதியான கலப்புப் பொருள்களால் ஆனது. எரிபொருள் கொள்ளளவு வழக்கமான 141,000 லிட்டரிலிருந்து 165,000 லிட்டராக உயர்த்தப்பட்டது. ஒரு லிட்டர் எரிபொருள் ஏறக்குறைய 0.8 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், நிறைந்த தொட்டிகளின் எரிபொருள் மட்டுமே சுமார் 132 டன். விமானம் தரையை விட்டு எழும்போது அதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன்தான். அதாவது, எரிபொருள் கிட்டத்தட்டப் பாதி!

இந்த எடைக்கு இடம் கொடுக்கப் பலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இதே வகை விமானத்தில் மற்ற நெடும்பயணங்களுக்கு 253 இருக்கைகள் இருக்கும்போது, இதில் 161 மட்டுமே உள்ளன. முன்பக்கச் சரக்கு அறை பயன்படுத்தப்படுவதில்லை. சாதாரணச் சிக்கன வகுப்பே கிடையாது. வணிக வகுப்பும் உயர் சிக்கன வகுப்பும் மட்டும்தான். ஐந்தாறு மணி நேரத்தை மிச்சப்படுத்துவதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும். குறைந்த கட்டணத்தில் போக விரும்புபவர் வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும்.

புறப்படும்போது சுமை மிகுந்திருப்பதால், விமானம் உடனே உச்ச உயரத்துக்கு ஏறுவதில்லை. மணிக்கணக்காகப் பறந்து, எரிபொருள் எரிந்து, எடை குறையக் குறையப் படிப்படியாக மேலே ஏறுகிறது. உயரம் கூடினால் காற்று மெலிந்து, செலவும் குறையும். முதல் பயணம் 18 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான நேரத்தில் முடிந்தது. அட்டவணை சொன்ன நேரத்துக்கு முன்பாகவே விமானம் நியூவார்க்கில் இறங்கிவிட்டது. காற்று அன்று கைகொடுத்திருந்தது.

விமானத்தை ஓட்டுபவர்களும் மனிதர்களே. இத்தனை மணி நேரம் இரண்டு பேர் கண்விழித்திருக்க முடியாது. எனவே நான்கு விமானிகள் உடன் செல்கிறார்கள். இருவர் ஓட்டும்போது மற்றவர்கள் தங்களுக்கென்று அமைந்த சிறு அறையில் படுத்து உறங்குகிறார்கள். பயணிகளின் நிலையும் எளிதன்று. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையில் இருப்பது போல அமைக்கப்படுகிறது. அது கேமரன் மலையின் தானா ராத்தா நகரைவிடச் சற்று உயரம். ஆனால், கேமரன் மலையின் ஈரம் அங்கே இல்லை. வறண்ட காற்றில் தொண்டை காய்கிறது. நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பதால் கால்கள் வீங்குகின்றன. அடிக்கடி தண்ணீர் குடிப்பதும் அவ்வப்போது எழுந்து நடப்பதும் இதற்காகத்தான்.

இறங்கிய பிறகு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது பசிக்க வேண்டும், எப்போது கண் சொக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. கைக்கடிகாரத்தைப் போல அதை ஒரே திருகில் மாற்றிவிட முடியாது. பொதுவாக அது நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவில்தான் நகர்ந்து கொடுக்கும். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே உள்ள 12 மணி நேர வேறுபாடு, பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் அப்படியே புரட்டிப் போடுவது. ஒரு வாரக் கூட்டத்துக்குச் சென்றவர், உடல் அந்த ஊருக்குப் பழகும் முன்பே ஊர் திரும்பிவிடுவார். விமானம் பதினெட்டரை மணி நேரத்தில் கடந்த தூரத்தைக் கடக்க அவருடைய உடலுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நாள் தேவைப்படுகிறது.

திரும்பும் வழியில் நாள்காட்டியும் தன் பங்குக்கு விளையாடுகிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து திங்கட்கிழமை இரவு பத்தரை மணியளவில் புறப்படும் விமானம், சிங்கப்பூரில் இறங்கும்போது புதன்கிழமை விடியற்காலை ஆகிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை பிறந்தநாள் கொண்டாட வேண்டிய ஒரு பயணிக்கு, அந்த நாள் முழுவதும் மேகங்களுக்கு மேலே, சாளரத்தை மூடிய இருட்டிலேயே கழிந்துவிடும். சாங்கியில் வரவேற்கக் காத்திருக்கும் உறவினர் ஒரு நாள் தாமதமாகத்தான் வாழ்த்துச் சொல்ல முடியும்.